சிறார் நாவல் வாசிப்புச் சேவை: 7,500 ரூபாய்க்கு எனக்குக் கிடைத்தது

பிள்ளைகளுக்காக ஒரு நாவல் எழுதி முடித்துவிட்டு, அதைப் பதிப்பகத்துக்கு அனுப்பலாமா, இன்னொரு தடவை திருத்தலாமா என்று குழம்பிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன தை மாதம் நானும் அதே குழப்பத்தில்தான் இருந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் வேதாரண்யம். வேலை திருவாரூரில், ஒரு கூட்டுறவு வங்கியில் கணக்குப் பிரிவு. நாவலை மூன்று வருஷமாக எழுதினேன். பெரும்பாலும் இரவு ஒன்பதரைக்கு மேல், பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுவேன். கஜா புயலுக்கு அடுத்த வருஷம் நடக்கிற கதை. உப்பளத்தில் வேலை பார்க்கிற ஒரு பாட்டி, அவள் பேரன் கவின், சிறகில் அடிபட்டுச் சேற்றில் கிடக்கிற ஒரு பூநாரை. மொத்தம் 34,000 சொற்கள் வந்தது.

இதற்கு முன்னால் வேறொரு இடத்தில் 12,000 ரூபாய் கட்டி ஏமாந்தேன். பெயர் வேண்டாம். ‘செம்மையாக்கம்’ என்று சொல்லி வாங்கினார்கள். திரும்பி வந்த கோப்பில் ஒற்று மிகும் இடங்களைச் சரிசெய்திருந்தார்கள், கூடவே ‘அருமையான படைப்பு, சிறுவர்கள் கொண்டாடுவார்கள்’ என்று ஒரு பாராட்டுக் கடிதம், 300 பிரதி அச்சடிக்க எவ்வளவு ஆகும் என்று ஒரு விலைப்பட்டியல். கதையைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. மூன்று வருஷம் உழைத்த ஒன்றை யாரும் படிக்கவே இல்லை என்று அந்தப் பாராட்டுக் கடிதத்திலிருந்தே தெரிந்தது.

அப்புறம்தான் தஞ்சாவூரில் ஒரு வீட்டு மாடியில் நடக்கும், எழுதிய நாவலைப் படித்துக் குறைநிறை சொல்லும் இந்தச் சேவையைப் பற்றி ஒரு சிநேகிதி சொன்னாள். அங்கே இரண்டே பேர். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், சிறுவர் இதழ்களில் வேலை பார்த்த அவர் மகள். மாதத்துக்கு மூன்று கையெழுத்துப் பிரதிகளுக்கு மேல் எடுப்பதில்லை. பெயரைப் பொதுவில் போட வேண்டாம், தெரிந்தவர்கள் மூலம் வந்தால் போதும் என்று கேட்டுக்கொண்டார்கள். வேண்டும் என்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்.

கட்டணம் 35,000 சொற்கள் வரை 7,500 ரூபாய். முழுதும் வேண்டாம் என்றால் முதல் மூன்று அத்தியாயங்களுக்கு மட்டும் 1,500. முழுக் கட்டணத்துக்கு என்னென்ன கிடைக்கும் என்றால், ஓரமெல்லாம் பென்சில் குறிப்போடு நம் அச்சுப்பிரதி திரும்பி வரும், தனியாக ஒரு நீளமான கடிதம் (எனக்கு வந்தது 16 பக்கம்), ஒரு மணி நேரத் தொலைபேசிப் பேச்சு, திருத்தி எழுதிய இரண்டு அத்தியாயங்களுக்கு மறுவாசிப்பு. இதெல்லாம் போக, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நான்கு பேருக்கு, பெற்றோர் சம்மதத்தோடு, நம் கதையைப் படிக்கக் கொடுக்கிறார்கள். காசு கொடுத்தது இதற்குத்தான் என்றே சொல்வேன்.

பிள்ளைகளிடம் கருத்தெல்லாம் கேட்பதில்லை. ‘நல்லா இருக்கா?’ என்று கேட்டால் பெரியவர்கள் மனம் நோகக்கூடாது என்று ‘ம், நல்லாருக்கு’ என்றுதான் சொல்லும். அதற்குப் பதிலாக ஆளுக்கொரு பென்சில். அலுப்புத் தட்டுகிற இடத்தில் ஒரு புள்ளி. புரியாத சொல்லைச் சுற்றி ஒரு வட்டம். திரும்பப் படிக்க வேண்டும் என்று தோன்றினால் ஒரு நட்சத்திரம். அவ்வளவுதான். என் கதையைப் படித்தவர்களில் இரண்டு பேருக்கு ஒன்பது வயது, ஒருவனுக்குப் பத்து, ஒருத்திக்குப் பன்னிரண்டு.

நான்கு பிரதிகளையும் கூடத்தில் பரப்பி வைத்துப் பார்த்தேன். நான்காவது அத்தியாயத்தில் நான்கு பிள்ளைகளும் புள்ளி வைத்திருந்தார்கள். ஒன்பது வயதுப் பையன் ஒரே பக்கத்தில் ஏழு புள்ளி. ஓரத்தில் கோணல் எழுத்தில், ‘தாத்தா எப்ப பேசி முடிப்பாங்க?’

நான் மிகவும் பெருமையாக நினைத்த அத்தியாயம் அது. 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து வந்த உப்புச் சத்தியாகிரகத்தைக் கவினின் தாத்தா அவனை மடியில் உட்கார வைத்துக்கொண்டு சொல்வார். 13ஆம் தேதி புறப்பட்டது, 28ஆம் தேதி வந்து சேர்ந்தது, 30ஆம் தேதி உப்பு அள்ளியது, சர்தார் வேதரத்தினம் பிள்ளை செய்த உதவி, போலீஸ் அடி எல்லாம் ஒன்பது பக்கம். அந்த ஒன்பது பக்கமும் கவின் ‘ம்’ கொட்டியதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. சேற்றில் கிடக்கிற பூநாரையை நானே மறந்துவிட்டிருந்தேன். பிள்ளைகள் மறக்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பெண் எழுதியிருந்தாள்: ‘பறவைக்கு என்ன ஆச்சு?’

சார் (அந்தத் தமிழாசிரியரை அப்படித்தான் கூப்பிடுவேன்) சரித்திரத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கடிதத்தில் அவர் கேட்டிருந்தது இதுதான்: கவின் பறவையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறானே, அவன் ஒளிந்துகொள்ள அகஸ்தியம்பள்ளியில் இருக்கிற உப்புச் சத்தியாகிரக நினைவுத்தூண் ஏன் உதவக்கூடாது? தூணுக்குப் பின்னால் மூச்சிரைக்க உட்கார்ந்திருக்கிற பிள்ளை, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற கல்வெட்டை இரண்டு வரி படிப்பான். மூன்றாவது வரிக்குள் யாரோ வருகிற சத்தம் கேட்கும். மிச்சத்தை வாசகப் பிள்ளை தானே தேடிக்கொள்ளும். நான் அப்படித்தான் மாற்றி எழுதினேன். ஒன்பது பக்கம் ஒன்றேகால் பக்கமானது.

வட்டம் போட்ட சொற்களும் என்னை உலுக்கின. ‘வைகறை’யை மூன்று பேர் வட்டமிட்டிருந்தார்கள், அது நான் எதிர்பார்த்ததே. ‘பாத்தி’ என்ற சொல்லை ஒருவரும் வட்டமிடவில்லை. ஆனால் கேட்டுப் பார்த்தபோது தஞ்சாவூர்ப் பிள்ளைகள் அதைக் கீரைப்பாத்தி என்று நினைத்துக்கொண்டே படித்திருக்கிறார்கள். கடல்நீரைப் பாய்ச்சி, வெயிலில் வற்றவிட்டு, உப்பு பூத்ததும் வாரி எடுக்கிற பாத்தி அவர்கள் கண்ணுக்குத் தெரியவே இல்லை. இரண்டு பேர் வட்டமிட்ட இன்னொரு சொல் ‘கஜா’. ஒருவன் பக்கத்தில் எழுதியிருந்தான்: ‘இது யாரு?’

2018 நவம்பர் 16 விடியற்காலை எங்கள் ஊரில் யாருக்கும் மறக்காது. தென்னை எல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்தது. ‘கஜா’ என்று எழுதினால் போதும், படிக்கிறவர்களுக்கு அந்தக் காற்று கேட்டுவிடும் என்று நான் நம்பியிருந்தேன். அந்த நான்கு பேரில் மூத்தவளுக்கே அப்போது ஐந்து வயதுதான். எனக்கு முந்தாநாள் நடந்தது போல இருக்கிறது, அவர்களுக்கு அது பிறப்பதற்கு முந்தைய சங்கதி மாதிரி. இப்போது முதல் அத்தியாயத்தில் கவின் வீட்டுக் கூரையாக இருக்கும் நீலத் தார்ப்பாயைக் காட்டுகிறேன். இரவில் அது படபடக்கும்போது பாட்டி எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். அதற்குமேல் புயலைப் பற்றி ஒரு வரி போதுமானதாக இருந்தது.

பறவை விஷயத்தில் நான் செய்த தவறுகளைச் சாரின் மகள்தான் பிடித்தார். கோடியக்கரைப் பக்கம் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பூநாரையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டுமா என்றுதான் நான் இருந்தேன். கதையில் கவினுக்கு ஒரு கூடும், அதில் ரோஜா நிறத்தில் ஒரு குஞ்சும் கிடைக்கும். அவர் எழுதியிருந்தார்: பூநாரைக் குஞ்சு சாம்பல் நிறம். தின்கிற பாசியிலும் நுண்ணுயிர்களிலும் இருக்கிற நிறமிதான் வருஷக்கணக்கில் சேர்ந்து இறகைச் சிவக்க வைக்கிறது. இந்தியாவில் அது பெரிய கூட்டமாகக் கூடு கட்டுவது குஜராத்தின் கட்ச் ராண் பகுதியில், சேற்றைக் குவித்து மேடு போட்டு, பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை. நம் பக்கம் அது பருவகாலத்தில் இரை தேடி வருகிற பறவை. அப்புறம், உங்கள் கவின் அதற்கு இட்லி ஊட்டுகிறான். அது தலையைக் கவிழ்த்து, அலகால் தண்ணீரை வடிகட்டித் தின்கிற பறவை.

இதைப் படித்து முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பார்த்தால் கதைக்கே அதில் ஒரு வாசல் இருந்தது. இட்லி தின்னாத பறவை பட்டினி கிடக்கும். பையன் பயப்படுவான். என்ன தின்னும் என்று கண்டுபிடிக்க அவன் உப்பளத்து ஓரம் மணிக்கணக்காக உட்கார்ந்து மற்றப் பூநாரைகளைப் பார்க்க வேண்டும். முழுசாக ஓர் அத்தியாயம் அப்படிக் கிடைத்தது. சரியான தகவல் கதையைக் கொன்றுவிடும் என்று பயப்படுகிறவர்கள் இதை ஒருமுறை செய்து பார்க்கலாம்.

பிள்ளைகள்தானே, தகவல் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன என்று நினைப்பது பெரிய தப்பு. நாம் சொன்ன ரோஜா நிறக் குஞ்சைப் பிள்ளை பல வருஷம் உண்மை என்றே நம்பிக்கொண்டிருக்கும்.

தொலைபேசிப் பேச்சுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நேரம் கொடுத்தார்கள். சார் 41ஆம் பக்கத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒரு வரியைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். படித்தேன்: ‘பெரியோர் சொல் கேட்டால் துன்பமில்லை என்பதை அன்று கவின் உணர்ந்தான்.’

“இது யாருக்காக எழுதின வரிம்மா?”

“பிள்ளைகளுக்குத்தான் சார்.”

“இதைப் படிச்சா அந்தப் பத்து வயசுப் பையன் சந்தோஷப்படுவானா, அவனுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்த அப்பா சந்தோஷப்படுவாரா?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் அவசரப்படுத்தவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, “பிள்ளைக்குப் பின்னாடி ஒருத்தர் நிக்கிறாரும்மா. நீங்க பிள்ளையோட தோளுக்கு மேல அவரைப் பார்த்துப் பேசிட்டிருக்கீங்க. அந்த மாதிரி வரிகளை எல்லாம் சிவப்புல டிக் பண்ணிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்” என்றார்.

அன்று இரவே உட்கார்ந்தேன். 112 டிக். அறிவுரை வரிகள் மட்டுமில்லை. பிள்ளைகள் பேசுகிற பேச்சில் ‘மிக்க நன்றி அம்மா’ என்று நான் திணித்த மரியாதை, எல்லாப் பிள்ளைகளும் நன்றாகப் படிக்கிறவர்களாக இருப்பது, ‘குட்டிக் கவின் தன் பிஞ்சுக் கால்களால்’ என்ற கொஞ்சல், வரிக்கு வரி ஆச்சரியக்குறி. எல்லாமே பின்னால் நிற்கிற அந்த ஆளுக்காக எழுதியது. மற்றத் தவறுகள் எதை எடுத்தாலும் அதன் வேர் இங்கேதான் இருந்தது. முடிவையே பாருங்கள். என் முதல் வரைவில் வனத்துறை அதிகாரி ஜீப்பில் வந்து, பறவையை வாங்கி, வைத்தியம் பார்த்து, கவினைப் பாராட்டிவிட்டுப் போகிறார். பையன் கைதட்டுகிறான். பெரியவர் கையில் எல்லாம் சரியாகிவிட்டதில் பெரியவர்களுக்கு நிம்மதி. 200 பக்கம் கூடவே வந்த பிள்ளைக்கு? ஓரத்தில் சார் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: ‘கவின் என்ன செய்தான்?’

அதிகாரியை நான் எடுத்துவிடவில்லை. காட்டுப் பறவையை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதைக் கதை மறைக்கக்கூடாது. இப்போது ஆசையாக வளர்த்த பறவையை ஒப்படைப்பதா வேண்டாமா என்ற முடிவைக் கவினே எடுக்கிறான், விடியுமுன் படகை அவிழ்த்து அவனே கொண்டுபோகிறான். ஜீப் அவனுக்குப் பிறகுதான் வருகிறது.

இன்னொன்று. நான் அம்புலிமாமாவும் கோகுலமும் படித்து வளர்ந்தவள். கதையில் பிள்ளைகள் பம்பரம் விட்டார்கள், கடிதம் எழுதினார்கள். சாரின் மகள் கேட்டார்: “2019ல நடக்கற கதைன்னு சொல்றீங்க, கவின் வீட்டுல ஒரு போன்கூட இல்லையா?” அந்த வீட்டில் கூரை இல்லாவிட்டாலும் போன் இருக்கும் என்பது எனக்கே தெரியும். நான் எழுதியிருந்தது என்னுடைய 1983. போனை உள்ளே விட்டதும் கதை தானாக நகர்ந்தது. கவினின் மாமா பையன் பறவையைப் படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்ப, மறுநாள் வாசலில் கூட்டம்.

சின்னச் சின்ன விஷயங்களும் இருந்தன. கவின், கவிதா, கவியரசு என்று மூன்று பேர் இருந்தார்கள், பிள்ளைகள் குழம்பினார்கள், மாற்றிவிட்டேன். கவினுக்கு எட்டு வயது என்று எழுதியிருந்தேன். பத்து வயதுப் பிள்ளை தன்னைவிடச் சின்னவன் கதையைப் படிக்க அவ்வளவு ஆசைப்படாது என்றார்கள், பதினொன்று ஆக்கினேன். குண்டாக இருக்கிற ஒரு பையனைச் சிரிப்புக்காகவே வைத்திருந்தேன். அதற்குக் குறிப்பே எழுதாமல், அந்த மூன்று இடத்தையும் வெறும் கோடு போட்டு மட்டும் அனுப்பியிருந்தார்கள். புரிந்துகொண்டேன்.

நடைக்கு ஒரு பயிற்சியும் சொன்னார்கள். பள்ளிக்கல்வித் துறை கொண்டுவரும் ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களையும், நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்து வந்த வாசிப்பு இயக்கப் புத்தகங்களையும் ஒரு வாரம் படித்துவிட்டு, எந்த நிலைப் பிள்ளைக்கு எழுதுகிறோம் என்று முடிவு செய்யச் சொன்னார்கள். நான் ‘பற’வுக்கு அடுத்த படியில் நிற்கிற பிள்ளையை மனதில் வைத்துக்கொண்டேன். 34,000 சொல் 21,000 ஆனது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஐந்து வாரம் என்று சொல்லி எட்டு வாரம் ஆக்கினார்கள். கேட்டால்தான் தகவல் சொன்னார்கள். சாரின் பென்சில் எழுத்து சில பக்கங்களில் படிக்கவே முடியவில்லை, போனில் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. எங்கள் ஊர்ப் பேச்சைச் சில இடங்களில் பொதுப் பேச்சாக மாற்றச் சொன்னார்கள். அதில் பாதிதான் ஏற்றுக்கொண்டேன். உப்பளத்துப் பாட்டி உப்பளத்துப் பாட்டியாகத்தான் பேச வேண்டும், சூழலிலிருந்து பிள்ளைகள் பொருளைப் பிடித்துக்கொள்வார்கள். ஓவியம், அட்டை பற்றி இவர்கள் எதுவும் சொல்வதில்லை. பதிப்பகத்துக்குச் சிபாரிசும் கிடையாது, அதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள்.

ஒரு விஷயத்தில் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. கதை முடியும் முன் பாட்டி இறந்துபோகிறாள். சாரின் மகளுக்கு அது வேண்டாம் என்று எண்ணம், ஏற்கெனவே பறவை பிரிகிறது, பிள்ளைக்குப் பாரம் அதிகம் என்றார். நான் பிள்ளைகளின் பிரதிகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அந்த அத்தியாயத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. பாட்டியின் உப்புவாரியைக் கவின் கையில் எடுக்கிற இடத்தில் இரண்டு நட்சத்திரம். பாட்டி இறப்பை அப்படியே விட்டுவிட்டேன். சாரும் போனில், “உங்க கதைம்மா, நீங்கதான் முடிவு பண்ணணும்” என்றார். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

இது எல்லோருக்கும் ஆகாது. முதல் வரைவை இன்னும் முடிக்காதவர்கள் போக வேண்டாம், பாதியில் இவ்வளவு கேள்வி வந்தால் கை நின்றுபோகும். பாராட்டு தேடுகிறவர்களும் போக வேண்டாம். 16 பக்கத்தில் பாராட்டு எனக்கு ஒன்றரைப் பக்கம்தான் கிடைத்தது. பணம் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது என்றால் 1,500 ரூபாய் வாசிப்பே போதும். முதல் மூன்று அத்தியாயத்தில் இருக்கிற பழக்கம்தான் பெரும்பாலும் கடைசிவரை இருக்கும், மிச்சத்தை நாமே சிவப்புப் பேனாவோடு பார்த்துவிடலாம். முழுதாகக் கொடுப்பவர்கள் 14 புள்ளி அளவு எழுத்தில், தாளின் ஒரு பக்கம் மட்டும், ஓரத்தில் தாராளமாக இடம் விட்டு அச்சடித்து அனுப்புங்கள். பக்க எண் கட்டாயம். பிள்ளைகளுக்கு என்று தனியாக நான்கு பிரதி வேண்டும், எனக்கு அச்சுக்கும் கூரியருக்கும் சேர்த்து 1,900 ரூபாய் ஆனது, அது கட்டணத்தில் சேராது. முழு ஆண்டுத் தேர்வு நேரத்தில் அனுப்பாதீர்கள், படிக்கப் பிள்ளைகள் கிடைக்க மாட்டார்கள்.